‘அந்த இடத்தில் ஒரு கட்டி’: வீட்டிலேயே என்ன செய்யலாம், எப்போது கிளினிக்கிற்குப் போக வேண்டும்?

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் அத்தை போன் செய்தார். அவருக்கு வயது 52. ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது பாதி செம்பனையும் பாதி தாமானுமாக மாறிவிட்ட ஓர் இடத்தில் இருக்கிறார். முறுக்கு, நெய் உருண்டை என்று பேசிக்கொண்டே வந்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, நீ பேப்பர்ல வேலை செய்யுற, உனக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த இடத்துல ஒரு கட்டி மாதிரி இருக்கு. ஒன்பது நாளாச்சு. ஒக்காரவே முடியல. ஒங்க மாமாகிட்டகூட சொல்லல.”

எந்த இடம் என்று திருப்பிக் கேட்க எனக்கும் கொஞ்ச நேரம் ஆனது. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள் நான். கூந்தல் முதல் பாதம் வரை பெண்ணை வர்ணிக்கும் கேசாதிபாதம் என்ற மரபையே பாடமாகப் படித்திருக்கிறேன். ஆனால் அத்தையிடம் கூச்சமில்லாமல் சொல்ல ஒரு சொல் என்னிடம் இல்லை. ‘அந்த இடம்’, ‘கீழே’, ‘மறைவிடம்’ என்று சுற்றி வளைத்துத்தான் பேசினோம்.

அத்தைக்கு வந்தது பெண்களுக்குப் பரவலாக வரும் ஒரு சாதாரணக் கட்டி. பல பெண்களுக்கு அது வெந்நீரிலும் ஓய்விலும் தானாகவே அடங்கிவிடும். ஆனால் யாருக்கு அடங்கும், யார் வீட்டில் காத்திருக்கக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது இந்தக் கட்டி?

பெண்ணின் யோனி வாயிலின் இரு பக்கமும் பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள் உள்ளன. யோனி வாயிலை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், ஒன்று 4 மணி இருக்கும் இடத்திலும் மற்றொன்று 8 மணி இருக்கும் இடத்திலும் அமைந்திருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூறு அறிஞர் காஸ்பர் பார்த்தோலின் 1677இல் இவற்றை விவரித்தார். அதனால் இவற்றுக்கு பார்த்தோலின் சுரப்பிகள் என்று பெயர்.

அந்தப் பகுதியை ஈரமாக வைத்திருக்கும் திரவத்தைச் சுரப்பதே இவற்றின் வேலை. ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் வழியாக அந்தத் திரவம் வெளியே வருகிறது. நலமாக இருக்கும்வரை இந்தச் சுரப்பிகள் கைக்குத் தட்டுப்படாது. இப்படி ஒன்று இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது.

குழாயின் வாய் எதனாலாவது அடைபட்டால், சுரக்கும் திரவம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். வடிகால் அடைத்தால் வீட்டு முன்னால் தண்ணீர் நிற்பதைப் போலத்தான் இதுவும். அப்போது ஒரு பக்கம் மட்டும் உருண்டையாக வீங்கும். இதுதான் பார்த்தோலின் நீர்க்கட்டி. நூறு பெண்களில் ஏறக்குறைய இருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரக்கூடும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. 20களில் இருக்கும் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு சுரப்பிகள் சுருங்கிவிடுவதால் குறைந்துவிடுகிறது.

தேங்கிய திரவத்தில் கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கும். அப்போதுதான் கட்டி சிவந்து, சூடாகி, தொட முடியாத அளவுக்கு வலிக்கும். நடப்பதும் உட்காருவதும் கடினமாகும். பெரும்பாலும் நம் குடலிலும் தோலிலும் சாதாரணமாக வாழும் கிருமிகளே இதற்குக் காரணம். சில வேளைகளில் பாலுறவால் பரவும் கிருமிகளும் காரணமாகலாம் என்பதால் மருத்துவர் அதற்கும் சேர்த்துப் பரிசோதிக்கக்கூடும். அப்படிப் பரிசோதிப்பது உங்கள் நடத்தையைச் சந்தேகிப்பதாக ஆகாது. கட்டி வந்ததை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி வீட்டார் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஒரே சொல், இரண்டு நோய்கள்

‘நீர்க்கட்டி’ என்று சொன்னதும் நம்மவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது சினைப்பை நீர்க்கட்டி. மாதவிடாய் தள்ளிப்போவது, குழந்தைப்பேறு தாமதமாவது ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படுவது அதுதான். அது வயிற்றுக்குள் இருப்பது. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

நாம் இங்கே பேசுவது வெளியே, கைக்குத் தட்டுப்படும் கட்டி. இரண்டிற்கும் தொடர்பில்லை. பார்த்தோலின் நீர்க்கட்டி கருப்பையையோ சினைப்பையையோ பாதிப்பதில்லை. ஒருவருக்குக் கேட்ட மருந்தை மற்றவருக்குச் சொல்வதும், இணையத்தில் ‘நீர்க்கட்டிக்கு மருந்து’ என்று தேடிக் கிடைத்த கஷாயத்தைக் குடிப்பதும் இந்தக் குழப்பத்தால் வருபவை.

அந்தப் பகுதியில் வரும் கட்டி எல்லாமே பார்த்தோலின் கட்டியும் அல்ல. முடி வேரில் கிருமி புகுந்து வரும் கொப்புளம், தோலுக்கடியில் கொழுப்பு அடைத்து வரும் கட்டி, தொடை இடுக்கில் இறங்கும் குடலிறக்கம் என்று பல உண்டு. எனவே முதல்முறை ஒரு கட்டி தென்பட்டால், வலி இல்லாவிட்டாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, அது என்ன என்று உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. அடுத்த முறை வந்தால் நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

வீட்டில் கவனித்துக்கொள்ளக்கூடியது எது?

நீங்கள் 40 வயதுக்குக் குறைந்தவரா? கர்ப்பம் இல்லையா? சர்க்கரை நோய் இல்லையா? கட்டி சிறியதா? காய்ச்சல் இல்லையா? வலி இல்லை, அல்லது தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கிறதா? இவை அனைத்திற்கும் ‘ஆம்’ என்றால், வீட்டுக் கவனிப்பே போதுமானதாக இருக்கலாம். வலியே இல்லாத சிறு கட்டிக்குச் சிகிச்சையே தேவைப்படாமலும் போகலாம்.

முதல் மருந்து வெந்நீர். தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிகளுக்கு இது புதிதல்ல. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வேது நீர் காய்ச்சி ஊற்றியவர்கள் அவர்கள். இங்கே தேவைப்படுவது அதைவிட எளிது. இதை இடுப்புக் குளியல் என்பார்கள்.

• உட்காரக்கூடிய அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒன்றை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவுங்கள்.

• பிறப்புறுப்புப் பகுதி மூழ்கும் அளவுக்கு, ஏறக்குறைய ஒரு சாண் உயரத்திற்குள், இளஞ்சூடான நீர் ஊற்றுங்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். சுடக் கூடாது.

• 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை, சில நாள்கள் தொடர்ந்து செய்யுங்கள்.

• தண்ணீரில் எதையும் கலக்க வேண்டியதில்லை. வெறும் வெந்நீரே போதும்.

• எழுந்ததும் சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

உட்கார முடியாதவர்கள், அல்லது வேலைக்குச் செல்பவர்கள், சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து அந்த இடத்தில் மெதுவாக வைத்து எடுக்கலாம். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர்கள் வேலைக்குப் போகும் முன்பும், திரும்பியதும், படுக்கும் முன்பும் என்று மூன்று வேளையைப் பிடித்துக்கொள்ளலாம்.

வெந்நீர் அந்த இடத்தில் இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. வலி தணிகிறது. சில வேளைகளில் அடைபட்ட குழாய் தானாகவே திறந்து, தேங்கியது வடிந்துவிடும். திடீரென்று திரவமோ கொஞ்சம் சீழோ வெளியேறி வலி குறைந்தால் பயப்பட வேண்டாம். வெந்நீரில் கழுவி, சானிட்டரி பேட் வைத்துக்கொண்டு, இடுப்புக் குளியலை மேலும் சில நாள் தொடருங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 8 மாத்திரைகளைத் தாண்டக் கூடாது. கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

இறுக்கமான ஜீன்ஸ், நைலான் உள்ளாடை ஆகியவற்றைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள். பருத்தி உள்ளாடையும் தளர்ந்த கைலியும் நல்லது. கட்டி வலிக்கும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். இதைக் கணவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

செய்யக் கூடாதவை

அத்தையிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “ஏதாவது பூசினீங்களா?” என்பதுதான். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருந்தார். கையில் காலில் கட்டி வந்தால் பழுக்க வைக்க நம் வீடுகளில் செய்வதுதான் இது. ஆனால் சுண்ணாம்பு காரம் மிகுந்தது. பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள மென்மையான தோலை அது அரித்துப் புண்ணாக்கும். அத்தைக்குக் கட்டியின் வலியோடு எரிச்சலும் சேர்ந்துகொண்டது இதனால்தான்.

தலைவலித் தைலம், கிருமிநாசினித் திரவம், உப்பைக் கொட்டிய கொதிநீர், அரைத்த வேப்பிலை, வாசனைச் சவர்க்காரம் எதுவும் அங்கே வேண்டாம்.

கட்டியைப் பிதுக்கக் கூடாது. ஊசியால் குத்தவே கூடாது. அப்படிச் செய்தால் கிருமி ஆழமாகப் பரவும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயோட்டிக் மாத்திரையை விழுங்கக் கூடாது. மகனுக்குத் தொண்டை வலிக்குக் கொடுத்தது உங்கள் கட்டிக்குப் பொருந்தாது. சீழ் கட்டியிருந்தால் அது வடிய வேண்டும். பல வேளைகளில் மாத்திரை மட்டும் போதாது.

இவர்கள் வீட்டில் காத்திருக்கக் கூடாது

• 40 வயதைத் தாண்டியவர்கள், மாதவிடாய் நின்றவர்கள். இந்த வயதில் புதிதாக வரும் கட்டி வலிக்காவிட்டாலும் காட்ட வேண்டும். இந்தச் சுரப்பியில் புற்றுநோய் வருவது மிக மிக அரிது. இருந்தாலும் அது இல்லை என்று உறுதிப்படுத்த மருத்துவர்கள் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

• கர்ப்பிணிகள். உங்கள் பரிசோதனை நாள் வரும்வரை தள்ளிப்போடாமல் தாய்சேய் நல கிளினிக்கில் சொல்லுங்கள்.

• சர்க்கரை நோயாளிகள், நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள்.

• காய்ச்சல், குளிர் நடுக்கம் உள்ளவர்கள். கட்டி வேகமாகப் பெரிதாகிறவர்கள். நடக்கவோ உட்காரவோ முடியாதவர்கள்.

• இரண்டு மூன்று நாள் வெந்நீர் வைத்தும் வலி குறையாதவர்கள். வலியில்லாத கட்டியென்றாலும் ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாதவர்கள்.

• ஒருமுறை அடங்கி, மீண்டும் மீண்டும் கட்டி வருகிறவர்கள்.

சிவப்பு தொடைக்கோ அடிவயிற்றுக்கோ மளமளவென்று பரவினால், தோல் கருத்தால், தாங்க முடியாத வலியோடு உடல் சோர்ந்து மயக்கம் வந்தால், அது அவசர நிலை. கிளினிக் திறக்கக் காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். 999ஐ அழையுங்கள்.

சர்க்கரையைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் 31.4 விழுக்காடு. இன வாரியாகப் பார்த்தால் நம்மிடையேதான் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடலில் சிறு சீழ்க்கட்டியும் வேகமாகப் பரவும், ஆறத் தாமதமாகும். நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால் இடுப்புக் குளியலின் நீரே சுட்டுவிடவும் கூடும். மகளோ மருமகளோ முதலில் கையை விட்டுப் பார்த்துச் சொல்வது பாதுகாப்பு.

அடிக்கடி இப்படிக் கட்டி வரும் பெண்ணுக்குச் சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரியவரவும் கூடும். கிளினிக்கிற்குப் போகும்போது சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கவுண்டரில் என்ன சொல்வது?

அத்தை ஒன்பது நாள் காத்திருந்ததற்குக் காசு காரணமில்லை. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான், மருந்தும் அதிலேயே அடக்கம். “கவுண்டர்ல என்ன சாக்கிட்னு சத்தமா கேப்பாங்க. பின்னாடி நம்ம ஆளுங்க நிப்பாங்க. என்னன்னு சொல்றது?” என்றார்.

இந்தக் கூச்சம் இன்று வந்ததல்ல. தோட்டத்து மருந்தகங்களில் ‘டிரெசர்’ என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். விடியுமுன் மரம் சீவப் போய்விட்டு வந்து, லயத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே பொதுக் குழாயடியில் நின்ற காலத்தில், இப்படியொரு வலியை யாரிடம் சொல்வது? சகித்துக்கொள்வதே வழக்கமானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, மக்கள் மலிவு விலை வீடுகளுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது.

மொழியும் இதற்குத் துணைபோகிறது. நாம் ‘மறைவிடம்’ என்கிறோம். மலாயில் ‘கெமாலுவான்’ என்பார்கள். வெட்கத்தைக் குறிக்கும் ‘மாலு’வே அதன் வேர்ச்சொல். மருத்துவ நூல்களில் இருந்த பழைய லத்தீன் பெயருக்கும் வெட்கப்பட வேண்டியது என்றே பொருள். நம் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம்.

கவுண்டரில் முழு விவரம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. “மசாலா வானித்தா” (பெண்கள் பிரச்சினை) என்ற இரண்டு சொல் போதும். “சாயா நாக் ஜும்பா டோக்டர் பெரெம்புவான்” என்றால் பெண் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். அறைக்குள் சென்றதும் “அடா பெங்காக் டி பஹாகியான் சூலிட்” (மறைவிடத்தில் வீக்கம் இருக்கிறது) என்று சொல்லுங்கள். பேசவே கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டலாம். பெண் மருத்துவர் இல்லாத நாளில், ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது ‘மிஸ்ஸி’ ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். தயங்காமல் கேளுங்கள்.

நிபுணரைப் பார்க்க வேண்டியிருந்தால் கிளினிக்கே கடிதம் கொடுத்து அனுப்பும். பேராவில் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை, தைப்பிங், தெலுக் இந்தான், ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைகளில் மகளிர் நோய்ப் பிரிவு உள்ளது.

அங்கே என்ன செய்வார்கள்?

சீழ் பிடித்திருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, சிறிதாகக் கீறி வடிப்பார்கள். கீறல் உடனே மூடிக்கொண்டால் கட்டி மறுபடியும் வரும். அதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, முனையில் சிறு பலூன் உள்ள மெல்லிய குழாயை உள்ளே வைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுவது. அதற்குள் புதிய வடிகால் பாதை உருவாகிவிடும். 1964இல் வெர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை இது. அந்தக் குழாய் பெரும்பாலும் இயற்கை ரப்பர் பாலில் செய்யப்படுவது. ரப்பர் கையுறை போட்டால் அரிக்கும் என்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

மற்றொன்று, கட்டியைத் திறந்து அதன் ஓரங்களைச் சுற்றியுள்ள தோலோடு வைத்துத் தைத்து, நிரந்தரமாக ஒரு சிறு வாய் அமைப்பது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிறிய அறுவைச் சிகிச்சை இது. எந்த முறை யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இவற்றால் கருத்தரிப்பதற்குத் தடை வராது.

அத்தைக்கு வயது 52. சர்க்கரையும் உண்டு. எனவே மேலே சொன்ன பட்டியல்படி அவர் ஒரு நாள்கூடக் காத்திருந்திருக்கக் கூடாது. மறுநாள் காலை மாமாவே மோட்டாரில் ஏற்ற முயன்று, உட்கார முடியாததால் பக்கத்து வீட்டுக் காரில் அழைத்துப் போனார். அன்றே சீழை வடித்தார்கள். சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். சில வாரங்களில் முடிவு வந்தது: பயப்பட ஒன்றுமில்லை. அந்தச் சில வாரங்களில் அவர் சரியாகத் தூங்கவில்லை என்பதைப் பிறகுதான் சொன்னார்.

“வலி விட்டுப் போனதும்தான் தெரிஞ்சுது, ஒம்போது நாளு வீணா கஷ்டப்பட்டேன்னு” என்றார். இப்போது கோயிலில் சந்திக்கும் பெண்களிடம் அவரே எடுத்துச் சொல்கிறார். இன்னும் ‘அந்த இடம்’ என்றுதான் சொல்கிறார். பரவாயில்லை, சொல்கிறாரே.

உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ மகளோ நாற்காலியின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்தால், நடை மாறியிருந்தால், தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.

(இக்கட்டுரை பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை மருத்துவரிடம் பெறவும்.)